முகம் கிடைக்கவில்லை

கேமரா என்னை விட்டுவிட்டு, எனக்கு இடது பக்கம் கிடந்த பாறையின் மேல் மஞ்சள் கட்டத்தைப் போட்டபோது காலை பதினோரு மணி இருக்கும். நான் பாறையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பள்ளம், நடுவில் ஒரு மேடு, கீழே நீளமாக ஒரு வெடிப்பு. பறவைகள் எச்சமிட்டு எச்சமிட்டு அதற்கு வெள்ளையாக ஒரு மீசையும் வைத்துவிட்டிருந்தன. முகம் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் யாராவது முகம் என்று சொன்னால் சண்டைக்குப் போகவும் முடியாது. மருமகள் கேமராவின் பின்திரையை வெயிலுக்குக் கை மறைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, லேசா சிரிங்க," என்றாள். சிரித்தேன். கேமரா பாறையை இன்னும் இரண்டு படம் எடுத்தது.

"பாறை சிரிச்சுதா?" என்று கேட்டேன்.

"மாமா, தயவுசெஞ்சு பேசாம நில்லுங்க."

பேசாமல் நிற்பதற்குத்தான் என்னைக் கூட்டி வந்திருந்தாள். அவள் வேலை பார்க்கிற கம்பெனி, ஊர் சுற்றுகிறவர்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாகக் கேமரா செய்கிறது. புதிதாக ஒன்று செய்தால் ஆளரவமில்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய்ப் பரீட்சை வைப்பார்கள். குளிரில் வைத்துப் பார்ப்பது, மண்ணை அள்ளி மேலே போட்டுப் பார்ப்பது, நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பது என்று வரிசையாக இருக்கிறது. கடைசிப் பரீட்சை முகம். ஊர் சுற்றுகிறவர்கள் மலை உச்சிக்குப் போய் எதைப் படம் எடுக்கிறார்கள் என்று கம்பெனி ஆள் வைத்து ஆராய்ந்ததாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்களையேதான் எடுக்கிறார்களாம். இதற்கு ஓர் ஆராய்ச்சி, அதற்கு ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தின் முடிவில் மனித முகத்தைத் தானாகத் தேடிப் பிடிக்கிற கேமரா. அதைச் சோதிக்க மனிதனே இல்லாத இடத்துக்கு ஒரு மனிதனை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த மனிதன் நான்.

முதலில் வேறொரு கிழவரைத்தான் பேசி வைத்திருந்தார்கள். குளிர் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அவர் போனை எடுக்கவில்லை. அறிவாளி. மருமகள் அன்று சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மூணு நாள்தான் மாமா. எழுபது வயசுக்கு மேல ஒரு முகம் வேணும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா நின்னா போதும்."

என் மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சும்மா நிக்கிறதுல இவருக்கு முப்பத்து நாலு வருஷ அனுபவம் இருக்கு. தாராளமா கூட்டிட்டுப் போ."

நான் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டினவன். நான் ஏறிய உயரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தாண்டிப் போகும். இறங்கியதையும் அடுக்கினால் திரும்பி வந்துவிடலாம். ஒருமுறை மின்சாரம் போய் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டோம். உள்ளே உதவியாளராக ஏறியவர் கண்காணிப்பாளராக இறங்கினார். பதவி உயர்வு உத்தரவைக் கதவிடுக்கு வழியாகத்தான் உள்ளே நீட்டினார்கள். அப்படி முப்பத்து நாலு வருஷம் என்னோடு ஒரே பெட்டிக்குள் நின்றவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். அதில் என் முகத்தைப் பார்த்தவர்கள் ஏழு பேர். இரண்டு பேர் என்னிடம் கைமாற்றுக் கேட்க வந்தவர்கள். மற்றவர்கள் கதவுக்கு மேலே எரியும் எண்ணைப் பார்ப்பார்கள், அல்லது தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். ஆகவே கேமரா என்னை மதிக்காமல் பாறையை மதித்தது எனக்குப் புது அனுபவமாக இல்லை.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி வீட்டைத் தாண்டி ஐந்து மணி நேரம் வேனில் வந்திருந்தோம். மரம் கிடையாது, புல் கிடையாது. கல்லும் அதற்குக் கீழே கல்லும். நடுவில் ஒரு ஏரி, யாரோ துடைக்க மறந்த கண்ணாடி மாதிரி. காற்று அடித்த வேகத்தில், வேனில் இருந்து கிளம்பிய ஒரு வார்த்தை என்னிடம் வருவதற்குள் பாதி தேய்ந்துபோய்விடும். கம்பெனி இதைத் தொலைதூர இயற்கை என்று சொல்லியது. கம்பெனியின் அகராதியில் தொலைதூரம் என்றால் வேன் திரும்புவதற்கு இடம் இருக்கிற தொலைதூரம்.

வேனுக்குள் மேலாளர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சூடான காற்றைக் காலுக்கு வைத்துக்கொண்டு, இயற்கையைச் சோதித்துக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் பிரமாதம் என்பார். அதனால் மருமகள் வீட்டில் அவரைப் பிரமாதம் என்றே சொல்வாள். காலையில் கீழே போட்டுப் பார்க்கும் பரீட்சையில் கேமராவுக்குக் கீழே தன்னுடைய மடித்த ஸ்வெட்டரைத் தானே வைத்தார். "கல்லு மேல போட்டா கல்லு எந்த மாதிரி கல்லுன்னு எழுதணும்மா. அது வேற தலைவலி," என்றார். கேமரா ஸ்வெட்டரில் விழுந்தது. பிரமாதம் என்றார்.

மருமகளுக்கு அந்த வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு முன்னால் மூன்று வருஷம் அதே கம்பெனியில் புகார் பிரிவில் இருந்தாள். காதில் மாட்டிய போனோடு ஒரு நாளைக்கு நூறு பேரிடம் திட்டு வாங்குகிற வேலை. வீட்டுக்கு வந்தால் இடது காதைக் கையால் மூடிக்கொண்டுதான் சாப்பிடுவாள். என் மகன் சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால்கூட, "மன்னிக்கவும், சரிபார்க்கிறோம்," என்று தூக்கத்தில் இருக்கிறவள் மாதிரி சொல்வாள். ராத்திரிப் படிப்புப் படித்து, பரீட்சை எழுதி, சோதனைப் பிரிவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த அறிக்கை ஒழுங்காகப் போனால் அடுத்த மாதமே நிரந்தரம் என்று பிரமாதம் சொல்லியிருந்தார். போகாவிட்டால் என்ன என்பதையும் சொல்லியிருந்தார். புகார் பிரிவில் அவளுடைய நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

அறிக்கை என்பது அட்டையில் கவ்விப் பிடித்த ஒரு காகிதம். இவ்வளவு நுட்பம் தெரிந்த கம்பெனிக்குக் கடைசியில் காகிதம்தான் வேண்டியிருக்கிறது. இருநூறு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கேமரா முகத்தைப் பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் தவறு. நூற்று எண்பது சரி வந்தால் கேமரா தேறியது. அடியில் சோதித்தவர் கையெழுத்து. நாற்பது படம் முடிந்தபோது பிரமாதம் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

"எத்தனைம்மா?"

"மூணு, சார்."

"பிரம..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "மூணா?"

அந்த மூன்றில் ஒன்று நான் தும்மியபோது வந்தது.

இறங்கி வந்தார். அவரோடு டிரைவரும் வந்தான். பிரமாதம் என் எதிரில் நின்று, பழம் வாங்குகிறவர் மாதிரி என்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, கண்ணைத் திறங்க."

"திறந்துதான் சார் இருக்கு."

"இன்னும் நல்லா."

"இதுக்கு மேல திறந்தா கீழ விழுந்துடும். ஸ்வெட்டரை வைங்க."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். பிரமாதம் கேமராவை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். உடனே கட்டம் வந்தது. டிரைவரைப் பார்த்துப் பிடித்தார். இரண்டு கட்டம் வந்தது. ஒன்று அவன் முகத்துக்கு, இன்னொன்று அவன் பனியனில் இருந்த பூனைக்கு. என்னைப் பார்த்துப் பிடித்தார். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: முகம் கிடைக்கவில்லை.

"பாத்தியாம்மா? கேமரா சரியாத்தான் இருக்கு," என்றார் பிரமாதம். அவர் குரலில் பெரிய நிம்மதி. "முகத்துலதான் கோளாறு. மாதிரி முகம் தரமில்லைன்னு எழுதிடு."

"முகத்துக்கு என்ன சார் தரம்?"

"ஆபீஸ்ல எடுத்தப்ப வயசானவங்க பகுதியில நூத்துக்கு நூறு வந்துச்சேம்மா!"

"அதுல வயசானவரா நின்னது நீங்கதான் சார். தலையில பவுடர் போட்டுட்டு."

பிரமாதம் ஏரியைப் பார்த்தார். மனிதர்கள் இயற்கையை ரசிப்பது இம்மாதிரி சமயங்களில்தான்.

எனக்கு விஷயம் மெல்ல விளங்கியது. கேமரா கண்ணைத் தேடுகிறது. என் கண் இருக்கிறது, ஆனால் மேலிருந்து தோல் இறங்கி வந்து அதன் மேல் திண்ணமாக உட்கார்ந்துகொண்டு விட்டது. கீழிருந்தும் ஒரு பை மேலே ஏறி வந்திருக்கிறது. நடுவில் நான் உலகத்தைக் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுபது வயதுக்காரன் எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். கம்பெனியில் எழுபது வயதுக்காரன் எவனையும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் பவுடர் பூசிக்கொண்டு நின்றிருக்கிறார், கேமரா அவரைக் கண்டுபிடித்திருக்கிறது, எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். பெட்டியில் அச்சடித்தும் ஆகிவிட்டது. 'எந்த முகத்தையும் தவறவிடாது.'

பிரமாதம் திரும்பி வந்து என் இரண்டு நெற்றிப்பொட்டிலும் விரலை வைத்துத் தோலை மேலே தூக்கிப் பிடித்தார். அனுமதியெல்லாம் கேட்கவில்லை. லிஃப்டில் பொத்தானை அழுத்தும்போது யார் அனுமதி கேட்கிறார்கள்?

"சார், கட்டம் வந்துடுச்சு!" என்று டிரைவர் கத்தினான்.

"பிரமாதம்!" அவர் விரல் சில்லென்று இருந்தது. "அந்த டேப்பை எடும்மா. கேமராவுக்கு நம்பர் ஒட்டுறோமே, அது. கண்ணாடி மாதிரிதானே இருக்கும், படத்துல தெரியாது. முடியோட சேர்த்து ஒட்டிட்டு மேல குல்லாவைப் போட்டுடலாம்."

மருமகள் நகரவில்லை. "வேணாம் சார்."

"நான் எனக்காகவா சொல்றேன்? உனக்காகச் சொல்றேன்மா. நாளைக்கு அந்த ஹெட்போனை மாட்டிட்டு உக்காரப் போறது நானா?"

அவள் கை இடது காதுக்குப் போனது. போனதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எனக்குப் பிறர் மேல் இரக்கம் வருவது அபூர்வம், வந்தாலும் சீக்கிரம் போய்விடும். ஆனால் அந்த ஆள் என் முகத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டே அவளிடம் பேரம் பேசியது பொறுக்கவில்லை. முகத்தைப் பிடித்திருப்பவன் முகத்தோடாவது பேச வேண்டும்.

"ஒட்டும்மா," என்றேன். "இந்த மூஞ்சியால எழுபத்தோரு வருஷத்துல யாருக்கும் ஒரு லாபமும் வந்ததில்ல. உனக்காவது வரட்டும்."

அவள்தான் ஒட்டினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. புருவத்தின் மேலிருந்து பொட்டு வரைக்கும் ஒன்று, மறுபக்கம் ஒன்று. இழுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். டேப்பின் ஓரத்தை இரண்டு தடவை அழுத்திவிட்டாள். பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுக் காகிதம் வைக்கச் சொன்னார் பிரமாதம். பழையதைக் கிழித்துவிடச் சொன்னார். அவள் கிழிக்கவில்லை, நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் அதற்குள் வேனுக்குள் போயிருந்தார்.

இருபது வருஷத்துக்கு அப்புறம் அப்போதுதான் உலகத்தை முழு அளவில் பார்த்தேன். ஏரியை மேலே கீழே இரண்டு ஓரத்தோடும் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. இதற்காகத்தானா ஜனங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று தோன்றியது. கண்ணை முழுதாக மூட முடியவில்லை. காற்று நேராக உள்ளே புகுந்து, பின்மண்டை வழியாக வெளியே போனது. நான் சொல்வதை நம்பாதவர்கள் ஒருமுறை ஒட்டிப் பார்க்கலாம். ஐம்பதாவது படத்துக்குள் தாரைதாரையாகக் கண்ணீர் வந்து, தாடையில் இறங்கி, அங்கேயே உறைந்துபோகிற மாதிரி நின்றது. கேமரா மட்டும் என்னை அநேகமாகத் தவறவிடவேயில்லை. மஞ்சள் கட்டத்தை என் முகத்தில் போட்டுப் போட்டு எடுத்தது.

"கிடைச்சுது," என்பாள் மருமகள். கட்டத்தில் சரி போடுவாள். "கிடைச்சுது." முதல் இருபது வரைக்கும் சத்தமாகச் சொன்னாள். பிறகு முணுமுணுத்தாள். நூறுக்கு அப்புறம் அவள் வாய் மட்டும் அசைந்தது.

நடுவில் பிரமாதம் ஒருமுறை வந்து திரையை எட்டிப் பார்த்தார். "பிரமாதம்! கண்ணு எப்படி மின்னுது பாரு! பெட்டியிலயே போடலாம் போலிருக்கே இந்தப் படத்தை!"

"போடுங்க சார்," என்றேன். "டேப்புக்கும் சேர்த்துப் பேரு போடுங்க."

அவருக்குக் காற்றில் கேட்கவில்லை. கேட்டாலும் பிரமாதம் என்றுதான் சொல்லியிருப்பார்.

இருநூறு முடிந்தது. நூற்றுத் தொண்ணூற்று நாலு சரி. டிரைவர் கேமராவை நிறுத்தியிருந்த முக்காலியை மடித்து எடுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில், "தாத்தா, நீங்க பாஸ்," என்றான். பிரமாதம் வேனில் இருந்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தலைமை அலுவலகத்துக்கு நல்ல செய்தி சொல்லலாம் என்று போனைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி நீட்டி ஆட்டினார். அங்கே கோபுரம் ஏது, சிக்னல் ஏது? போனை ஆட்டினால் வந்துவிடும் என்று நம்புகிறவர்தான் கேமராவுக்கு நற்சான்று கொடுக்கிறவர்.

மருமகள் என்னை ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தாள். ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் கைக்குட்டையில் ஊற்றி, என் பொட்டில் ஒற்றி ஒற்றி, டேப்பை ஓரத்தில் இருந்து உரித்தாள்.

"வலிக்குதா மாமா?"

"வலிக்குது. இல்லன்னு சொன்னா நல்லவன் ஆயிடுவேன், அதான் சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் வந்துவிட்டது. அந்தக் கண்ணின் மேல் தோல் தன் பழைய இடத்துக்கு இறங்கி வந்து உட்கார்ந்தது. பாதி ஏரி காணாமல் போயிற்று. நிம்மதியாக இருந்தது.

"அத்தைகிட்ட சொல்லாதீங்க மாமா."

"என்னன்னு சொல்றது? உன் அத்தை நாப்பத்தஞ்சு வருஷமா டேப் இல்லாமயே என்னைக் கண்டுபிடிச்சுத் திட்டிட்டிருக்கா."

அவள் அடுத்த பக்கத்தை உரிக்க ஆரம்பித்தாள். பிறகு அவள் என்னைப் பார்க்காமல், டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க அப்பாவுக்கு இந்தக் கேமராவுல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். ஊழியர்களுக்குக் குடுக்கிறது. அவரும் அம்மாவும் அடுத்த மாசம் முதல்முதலா ஊர் பாக்கப் போறாங்க. அவருக்கும் உங்களை மாதிரிதான் மாமா கண்ணு."

"உங்கப்பாவோட என்னைச் சேர்க்காதே. அவர் மூஞ்சியைக் கேமரா பார்க்கலன்னா நான் கேமராவைத் தப்புச் சொல்ல மாட்டேன்."

"விளையாடாதீங்க மாமா. அவர் கேமரா கெட்டுப்போச்சுன்னு நினைக்க மாட்டாரு. தனக்குத்தான் எடுக்கத் தெரியலன்னு நினைச்சுப் பெட்டியிலயே வச்சிடுவாரு. புகார் பிரிவுல எனக்கு அப்படி எத்தனையோ பேர் போன் பண்ணியிருக்காங்க. என் மேலதான் தப்பு இருக்கும்மா, கொஞ்சம் சொல்லிக் குடும்மாம்பாங்க. திட்டுறவங்களைக்கூடத் தாங்கிடலாம்." நிறுத்தினாள். "நான் இதுல கையெழுத்துப் போட்டா அந்த நாற்காலியில வேற எவளோ உக்காந்து அதைக் கேப்பா. போடலன்னா நானே உக்காந்து கேக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனையோ பேர் லிஃப்டுக்குள் அழுதிருக்கிறார்கள். நான் அவர்களுக்குச் செய்ததெல்லாம் அவர்கள் கேட்ட மாடியில் கதவைத் திறந்ததுதான். இவள் எந்த மாடி என்றே இன்னும் சொல்லவில்லை.

வேனில் ஹாரன் அடித்தது. பிரமாதத்தின் குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது. "கையெழுத்து ஆச்சாம்மா? இருட்டுறதுக்குள்ள இறங்கணும்!"

இரண்டாவது டேப் சுளீரென்று வந்தது. அதோடு என் புருவத்தில் இருந்து மூன்று முடியும் வந்தது. வெள்ளை முடி. அவள் விரல் நுனியில் இரண்டு டேப்பும் தொங்கிக்கொண்டு ஆடின. உதறிப் பார்த்தாள், விடவில்லை. அட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நூற்றுத் தொண்ணூற்று நாலு சரிக்கும் கீழே, காகிதத்தின் அடியில், 'சோதித்தவர்' என்று எழுதிய வெற்றுக் கட்டம் இருந்தது. பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். கொஞ்ச நேரம் அப்படியே வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, ஒரு டேப்பை அந்தக் கட்டத்தின் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு ஒட்டினாள். அதற்குக் கீழே இன்னொன்றையும் ஒட்டினாள். கையெழுத்துப் போட ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை.

மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை நீளமாக.

முடி மூன்றும் டேப்புக்கு அடியில் வளைந்து வளைந்து, யாரோ கிறுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட மாதிரி கிடந்தன. டேப்பின் ஓரம் ஒன்று சரியாக ஒட்டவில்லை. காற்றில் எழும்பி எழும்பி அடித்துக்கொண்டது. அவள் அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, வேன் இருந்த பக்கம் பார்த்தபடி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.